இடப்பக்கத்துக் கேள்வி

போன மாதம், நான் வேலை பார்த்த நூற்பாலையிலிருந்து மூன்று இளம் அலுவலர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் காலத்தில் பர்சனல் ஆபீஸ் என்றிருந்தது இப்போது ஹெச்.ஆர். ஆகிவிட்டது. தொழிலாளி மேல் புகார் வந்தால் நடத்துகிற உள்விசாரணையை இனிமேல் கையால் எழுதப்போவதில்லையாம். கேமராவில் பதிவு செய்துகொள்ளப் போகிறார்களாம். "இத்தன வருஷம் விசாரணை எழுதியிருக்கீங்க. மறக்க முடியாத கேஸ் எது சார்?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். வாயில் வந்த ஒன்றைச் சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் உண்மையான பதில் நெஞ்சில் வந்து நின்றது. அந்தக் கேஸ் மில்லில் நடக்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு சீட்டாட்டப் போட்டியைப் பற்றி நடந்தது.

நான் ராஜபாளையத்தில் அந்த மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். இரண்டு வருடம் வருகை அட்டைகளை அடுக்கினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பர்சனல் ஆபீசர் ராகவன் சார் என்னைத் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். விசாரணைகளில் கேள்வியையும் பதிலையும் எழுதுவது என் வேலை.

ராகவன் சார் ஒல்லியான மனிதர். விசாரணை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும், தொழிலாளி அதைப் படித்திருக்க வேண்டும், பதில் எழுத அவகாசம் தந்திருக்க வேண்டும், சாட்சியை அவர் முன்னால்தான் விசாரிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எழுதியதை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிடுவார்.

ஒரு முறை, ஷிப்டில் தூங்கினார் என்று ஒருவர் மேல் புகார். 'தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்' என்று மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ராகவன் சார் நிறுத்தச் சொன்னார்.

"மேஸ்திரி, நீங்க எதப் பாத்தீங்க?"

"கண்ண மூடிச் சாஞ்சு இருந்தான் சார்."

"அப்ப அத எழுதுங்க. கண்ணு மூடுனது அவர் பாத்தது. தூக்கம் அவர் நெனச்சது."

அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இனி காஜா மைதீனைச் சொல்ல வேண்டும். ரிங் ஃப்ரேம் பகுதியில் ஃபிட்டர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். நூல் அறுந்து அறுந்து ஓடும் மிஷினைச் சரி செய்ய மேஸ்திரிகள் முதலில் தேடுவது அவரைத்தான். மில்லின் மனமகிழ் மன்றத்தில் சாயங்காலம் சீட்டு விளையாட ஒரு கை குறைந்த ஒரு நாள், என்னைக் கையைப் பிடித்து இழுத்து எதிரில் உட்கார வைத்தார். ஆறு வருடம் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நாங்கள் விளையாடியது இருபத்தெட்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். பாதிச் சீட்டுகள் கைக்கு வந்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒருவர் பதினாறு என்பார், அடுத்தவர் பதினெட்டு என்பார், முடியாதவர் பாஸ் என்பார். இதற்குக் 'கேள்வி' என்று பெயர். யார் அதிகம் கேட்கிறாரோ அவர் துருப்பை மறைத்து வைப்பார். ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதற்கடுத்து ஒன்பது. நாங்கள் பந்தயம் வைத்து ஆடியதே இல்லை.

காஜா பாய் கேட்கிற விதத்திலேயே அவர் கையில் என்ன இருக்கும் என்று எனக்குப் பிடிபட்டுவிடும். கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஒரே ஆளோடு ஆறு வருடம் ஆடினால் வந்துவிடுகிற பழக்கம் அது. அவர் பதினேழில் நின்றால் ஒரு ஜாக்கி, துணைக்கு ஒன்றுமில்லை. இருபதுக்குத் தாவினால் நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகலாம். மில்லில் நான் ஸ்டாஃப், அவர் தொழிலாளி. அந்த மேஜையில் மட்டும் அவர் சொன்னபடி நான் ஆடுவேன். அந்தச் சாயங்காலங்களைப் போல என் வாழ்க்கையில் வேறெதுவும் அத்தனை லேசாக இருந்ததில்லை.

வட்டாரத்து மில்களின் மன்றங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. வருடா வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டிகள் நடக்கும். கைப்பந்து, கேரம், செஸ், கடைசியாக இருபத்தெட்டு. எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். ஜெயித்தும் விட்டோம். கோப்பையைத் தருவதற்கு முன் எதிர் அணி புகார் கொடுத்தது. காஜா மைதீன் கேட்பதற்கு முன்னால் இடது காதைத் தொடுகிறார், அது கூட்டாளிக்குக் காட்டும் சைகை என்று. எங்கள் அரையிறுதியைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டு நடுவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இறுதி ஆட்டம் முழுக்க நடுவர் ஒவ்வொரு தொடலையும் தன் தாளில் குறித்து வைத்திருந்தார். மொத்தம் பதினான்கு.

பத்து நாளில் கடிதம் வந்தது. காஜா மைதீனுக்கு எல்லாப் போட்டிகளிலிருந்தும் ஆயுள் தடை. எனக்கு எச்சரிக்கை.

சைகை என்றால் காட்டியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். காட்டியவருக்கு ஆயுள் தடை, வாங்கியவருக்கு எச்சரிக்கை என்பது என்ன கணக்கு? நான் ஆபீசில் நாற்காலியில் உட்காருகிறவன், அவர் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கடிதத்தின் நகலை யாரோ கேன்டீன் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு காஜா பாய் நடந்து போனால் மிஷின் ஓரங்களில் நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே காதைத் தொடுவார்கள். அவர் கேன்டீனுக்கு வருவதை நிறுத்தினார். ஃப்ரேம்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

"அப்பீல் போடுவோம் பாய்," என்றேன்.

"என்னத்தப் போட்டு? கள்ளன்னு சொல்லியாச்சு. பொறவு இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நான் நம்புறேன்லா."

"நீ என் கூட்டாளி. ஒன் சாட்சி செல்லாதுலே."

சிரிக்க முயன்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் இருந்தது. நடுவரின் தாளைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். நகல் தரமாட்டோம், வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனேன். கூட்டமைப்பின் மாடி அறையில், வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வருகிறவரை உட்கார்ந்து, கோடு கோடாக எழுதினேன்.

அந்தத் தாளில் நாலு கட்டங்கள். ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு கட்டம். யார் என்ன கேட்டார் என்பது வரிசையாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் சின்னச் சின்னக் குறிகள். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் விரித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பதினான்கு குறியும் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தன. காஜா பாய்க்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கேள்வி சொல்லும்போது மட்டும்தான் அவர் காதைத் தொட்டிருக்கிறார். எங்கள் ஆட்டத்தில் இடப்பக்கத்துக்காரர் கேட்ட உடனே அடுத்து அவர் முறை. அதனால்தான் 'கேட்பதற்கு முன்னால் தொடுகிறார்' என்று தெரிந்திருக்கிறது. முதல் கேள்வியே அவருடையதாக இருந்த ஆட்டங்களில் ஒரு குறிகூட இல்லை. அவற்றில் ஒன்றில் இருபதுக்குத் தாவியிருக்கிறார். சைகை காட்டுகிறவன் அங்கேயல்லவா காட்டியிருக்க வேண்டும்?

ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது, அப்படியானால் ஏன் தொட்டார் என்ற கேள்வி வந்தது. ஊர் வந்து சேர்வதற்குள் பதிலும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் செட்டியார்பட்டிக்குப் போனேன். வாசலில் குனிந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கமாக வந்து நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "பாய்" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். என் நிழலைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்.

"ஏலே, எப்பம் வந்த?"

"எத்தன நாளா பாய் இது?"

"எது?"

என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி மைமூன் அக்கா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வருசம் இருக்கும். இடது சுத்தமாப் போச்சு. வலது பரவால்ல. கேக்கலன்னதும் கை தன்னால அங்க போயிருது."

இருபது வருடம் ரிங் ஃப்ரேமின் இரைச்சலுக்குள் நின்ற காது. மிஷினில் கோளாறு என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் செத்த நேரம் நிற்பார். அது ஏதோ பெரிய தேர்ச்சி என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடமாக எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை.

"இதச் சொன்னாப் போதும் பாய். தடை போயிரும்."

"சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மிஷின் ஓடயில ஒருத்தன் 'நிறுத்து'ன்னு கத்துனா எனக்குக் கேக்கணும்லா? கேக்காதுன்னு தெரிஞ்சா ஒங்க ராகவன் சார் என்னை அங்க விட்டு வைப்பாரா? ஸ்டோர்ல ஒக்கார வச்சு நட்டு எடுத்துக் குடுக்கச் சொல்லுவாரு."

"அப்ப கள்ளாட்டக்காரன்னு பேரு இருக்கட்டுமா?"

என் மணிக்கட்டை விட்டார். பிறகு, "காதைச் சொல்லாம அதை எடுக்க முடியுமாலே?" என்றார். முடியும் என்றேன். காதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே மாடி அறையில் நடந்தது. மூன்று பேர் குழு. தலைவர் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் மன்றத்தின் தலைவர் என்ற முறையில் ராகவன் சாரும் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று கடிகாரத்தைக் கழற்றவில்லை.

குற்றச்சாட்டு எழுத்தில் தரப்படவில்லை, நடுவரின் தாள் வாசித்துக் காட்டப்படவில்லை, ஒரே குற்றத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு தண்டனை என்று வரிசையாகச் சொன்னேன். குழுத் தலைவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

"முறை தப்புன்னா திரும்ப முறையா விசாரிச்சுத் தடை போடுவோம். அவ்வளவுதானே?" என்றார்.

அவர் சொன்னது சரி. என் கையில் மிச்சம் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். அதை நீட்டினேன்.

"நடுவர் பாத்தது காதைத் தொட்டதை. சைகைங்கிறது அவர் நெனச்சது. பதினாலு தடவையும் இடப்பக்கத்துக்காரர் கேக்கும்போதுதான் தொட்டிருக்கார். இவர் மொதல்ல கேட்ட ஆட்டத்துல ஒரு தடவகூடத் தொடல. கையில நல்ல சீட்டு இருந்தப்பவும் தொட்டிருக்கார், பாஸ் சொன்னப்பவும் தொட்டிருக்கார். இது சைகைன்னா இதால எனக்கு என்ன தெரிஞ்சிருக்க முடியும்?"

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு குறியாக விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப எதுக்குத் தொட்டார்?"

காஜா பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல மேஜையைச் சுற்றி வந்தார். காஜா பாய்க்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி நின்று, மெல்லிய குரலில் சொன்னார்.

"காஜா மைதீன், தடைய எடுத்தாச்சு. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

காஜா பாய் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தபோது அத்தனை கண்களும் தன் மேல் இருப்பதைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வாக்கை நான் மீறவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதைத் தொட்டார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மிச்சமும் தெரிந்துவிடும் என்பது நீட்டும்போதே எனக்குத் தெரியும். அவர் பெயரை மீட்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு அது இரண்டாவது ஆசை.

தலைவர் நல்ல மனிதர். உத்தரவில் காதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 'சைகை என்று கொள்ள ஆதாரம் இல்லை. தடை ரத்து' என்று மட்டும் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் காஜா பாய் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். என் பக்கத்தில் ராகவன் சார். ராஜபாளையத்தில் இறங்கும்போது சொன்னார்.

"பாத்ததப் பாக்கலன்னு நான் சொல்ல முடியாது சங்கரன். ஓடுற மிஷின்ல கை வைக்கிற ஆள். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

திங்கட்கிழமை காலை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும் கடிதத்தை என்னைத்தான் அடிக்கச் சொன்னார். வேறு யாரிடமாவது கொடுங்கள் சார் என்றேன்.

"வேற ஆள் 'செவிடு'ன்னு அடிப்பார். நீங்க மரியாதையா அடிப்பீங்க," என்றார்.

அடித்தேன். மூன்று வாரத்தில் காஜா பாய் ஸ்டோருக்கு மாற்றப்பட்டார். சம்பளம் குறையவில்லை. காதைத் தொட்டுக் கேலி செய்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்டோர் ஜன்னலில் வந்து வருத்தம் சொன்னார்கள். அவர் எல்லோருக்கும் சரி சரி என்றார். என்னிடமும் நன்றாகத்தான் பேசினார், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பார். மன்றத்துக்கு மட்டும் வரவில்லை. அடுத்த வருடப் போட்டிக்கு இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, தன் பெயரை மட்டும் அடித்துத் திருப்பித் தந்தார்.

"நீ ஆடுலே. நமக்கு இனி ஒவ்வொருத்தனும் கத்திக் கத்திக் கேள்வி சொல்லுவான். அது ஆட்டமா?"

நானும் ஆடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தளவாய்புரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். மருமகனுக்கு அங்கே தையல் மிஷின்கள் வைத்த சின்ன யூனிட். போவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தார். நான் ஒரு விசாரணையில் இருந்தேன். வெளியே வந்தபோது போயிருந்தார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் மன்றத்தைத் தாண்டும்போதெல்லாம் கேள்வி சொல்லும் குரல்கள் கேட்கும். பதினாறு, பதினேழு, பாஸ். கேட்டவுடன் கால் நின்றுவிடும். அரைமணி நேர பஸ் பயணம்தான் தளவாய்புரம். ஆனால் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் ஏழு வருடம் போகாமல் இருந்தேன்.

ஒரு பொங்கல் விடுமுறையில் போனேன். பனியன் துணி மூட்டைகளுக்கு நடுவில், மிஷின் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சரி செய்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வலது காதும் மங்கிவிட்டது என்று மைமூன் அக்கா சொன்னார். நான் சொல்வதை அவர்தான் வலப்பக்கம் குனிந்து உரக்கத் திருப்பிச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்த பிறகு, "அந்தத் தாளை நான் காட்டாம இருந்திருக்கணுமா பாய்?" என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அதையும் அப்படியே அவர் காதில் சொன்னார்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"காட்டாம இருந்தா இன்னும் நாலு வருசம் மிஷின்ல நின்னுருப்பேன். வெரலு அம்புட்டும் இருந்திருக்குமான்னு தெரியாது." தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "ஆனா காட்டப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லே. நானே சொல்லியிருப்பேன். நானாச் சொல்லது வேற, அவிய கண்டுபிடிச்சது வேற."

இத்தனை விசாரணை எழுதியவனுக்கு இந்த ஒன்று தோன்றாமல் போயிற்றே என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சீட்டுக் கட்டோடு வந்தார். மருமகனைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீயும் ஒக்காரு" என்றார் அக்காவிடம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்டதை அக்கா அவருக்குச் சொல்வார். எதிர் அணிக்காரியே எங்களுக்கு இடைத்தரகர். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்தில் அவர் இருபதுக்குத் தாவினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு புள்ளியில் தோற்றோம்.

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார். தன் சத்தம் தனக்கே கேட்காததால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னைத் திட்டிக்கொண்டு வந்தார்.

"ஜாக்கி போன பொறவு இஸ்பேட்ல ஒன்பதுதாம்லே பெருசு! கையில வச்சுக்கிட்டு அத என்ன அடையாலே காத்த?"

நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த பிறகும் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிய பிறகும் அவர் வாய் அசைந்தது தெரிந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் அவர் போய்விட்டதாக மருமகன் ஆள் அனுப்பினார்.

அந்த ஆட்டத்தை நான் எத்தனையோ முறை மனதில் திரும்ப ஆடிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது சரி. ஒன்பதைத்தான் இறக்கியிருக்க வேண்டும்.